செடித் தொட்டிக்கு ஈஸ்ட் பாட்டில்: கரியமில வாயுவை வீட்டிலேயே கொடுப்பது எப்படி?

மீன் தொட்டியில் செடி வைத்த எல்லாருக்கும் இது தேவைப்படாது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மட்டும் இருந்தால், தண்ணீரில் தானாகக் கரையும் கரியமில வாயுவே போதும். அடியில் புல்லாகப் படரும் செடி, சிவப்பு ரொட்டாலா என்று ஆசைப்பட்டால்தான் தனியாகக் கொடுக்க வேண்டும். சிலிண்டர், ரெகுலேட்டர் எல்லாம் செலவு பிடிக்கும். 40, 50 லிட்டர் தொட்டிக்கு, சர்க்கரையை ஈஸ்ட் புளிக்கவைத்து வாயு தரும் ஈஸ்ட் பாட்டிலில் ஆரம்பியுங்கள்.

பாட்டில். 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்தான் வேண்டும். அது அழுத்தம் தாங்கும். தண்ணீர் பாட்டில் வேண்டாம், கண்ணாடி கூடவே கூடாது. மூடியில் ஏர் டியூபைவிடச் சற்றுச் சிறிய ஓட்டை போடுங்கள். டியூப் நுனியைச் சாய்வாக வெட்டி உள்ளே நுழைத்து, மறுபக்கம் கட்டிங் பிளேயரால் பிடித்து இழுங்கள். பசை இல்லாமலே இறுக்கமாக உட்காரும்.

ஈஸ்ட் பாட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே பாதி தண்ணீர் ஊற்றிய சின்ன சோடா பாட்டில் ஒன்று. ஈஸ்ட் பாட்டிலின் டியூப் அந்தத் தண்ணீருக்குள் முங்க வேண்டும். தொட்டிக்குப் போகும் டியூப் தண்ணீரைத் தொடக் கூடாது. நுரை இங்கேயே தங்கிவிடும், குமிழியும் எண்ணலாம். அதற்கு அப்புறம், ஒரே திசையில் மட்டும் போகவிடும் செக் வால்வ். அது இல்லையென்றால், அழுத்தம் குறையும்போது தொட்டித் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி இறங்கும். கடைசி நுனியை ஃபில்டர் தண்ணீர் இழுக்கும் வாய்க்குள் விடுங்கள். உள்ளே சுழலும் விசிறி குமிழியைப் பொடியாக்கிக் கரைத்துவிடும்.

கலவை. 2 கப் சர்க்கரையை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பாட்டிலில் முக்கால் அளவுக்கு ஊற்றுங்கள். விரல் வைத்தால் சுடக் கூடாது, ஈஸ்ட் செத்துவிடும். அரை டீஸ்பூன் ஆப்ப சோடா, அரை டீஸ்பூன் ஈஸ்ட். ஈஸ்ட்டைக் கூட்டினால் வாயு வேகமாக வந்து சீக்கிரமே தீர்ந்துபோகும், அவ்வளவுதான். கேஸ் டியூபைச் சோதிப்பதுபோல மூடியில் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். சில மணி நேரத்தில் குமிழி வரும். இரண்டு, மூன்று வாரம் ஓடும். வெயில் காலத்தில் அதற்குள்ளேயே தீர்ந்துவிடும். முடிந்தால் ஒரு வார இடைவெளியில் இரண்டு பாட்டில் வையுங்கள். வாயு ஏறி ஏறி இறங்கினால் கறுப்புத் தாடிப் பாசிதான் வரும். நிறையக் கொடுப்பதைவிட ஒரே சீராகக் கொடுப்பது முக்கியம்.

அளப்பது. டிராப் செக்கர் கட்டாயம் வாங்குங்கள்; தொட்டிக்குள் வைத்தால் வாயு அளவை நிறத்தில் காட்டும் சின்னக் குமிழ் அது. அதற்குள் கேஹெச் 4 (கார்பனேட் கடினம் 4 டிகிரி) கரைசலும் நிறம் காட்டும் சொட்டு மருந்தும் மட்டும்தான் ஊற்ற வேண்டும். நீலம் என்றால் வாயு குறைவு, பச்சை என்றால் சுமார் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு), மஞ்சள் என்றால் ஆபத்து. பலர் தொட்டித் தண்ணீரையே உள்ளே ஊற்றிவிடுகிறார்கள். போர் தண்ணீரில் பெரும்பாலும் கார்பனேட் கடினம் அதிகம். வாயு மிஞ்சிப்போன பிறகும் அது நீலமாகவே காட்டும். அதை நம்பி இன்னும் வாயு ஏற்றினால் மீன்தான் சாகும். நிறம் மாறவும் ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே முதலில் மீனைப் பாருங்கள், அப்புறம் நிறத்தை.

இரவு. விளக்கை அணைத்தால் செடி வாயுவை எடுப்பதை நிறுத்திவிடும், ஈஸ்ட் நிறுத்தாது. அதனால் விளக்கு அணைந்ததும் ஏர் பம்ப் ஓட வேண்டும். ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய் என் பம்ப் நின்றுவிட்டது. விடியற்காலையில் பார்த்தால் கப்பி மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. டியூபை வெளியே எடுத்து, பாதித் தண்ணீரை மாற்றிய பிறகுதான் கீழே இறங்கின. இரண்டு பிழைக்கவில்லை. இப்போதெல்லாம் படுக்கப் போகுமுன் டியூபைத் தொட்டியிலிருந்து எடுத்து வெளியே தொங்கவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஆனால் டியூபை மடக்கியோ கிளிப் போட்டோ அடைக்காதீர்கள், பாட்டில் வெடித்துவிடும்.