செட்டிநாட்டு வீட்டில் ஃபிலிம் புகைப்படக் கண்காட்சி: எங்கெல்லாம் சறுக்கும்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் ஒரு பெரிய வீடு கிடைத்துவிட்டால் பாதிக் கண்காட்சி முடிந்த மாதிரி என்று ஃபிலிம் கேமராவில் புகைப்படம் எடுக்கும் பலரும் நினைக்கிறார்கள். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடி டைல்ஸ், வண்ணக் கண்ணாடி ஜன்னல் எல்லாம் இருக்கும்போது எதை மாட்டினாலும் எடுப்பாக இருக்கும் என்பது கணக்கு. நடப்பது வேறு. வருகிறவர்கள் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள், தூணைத் தடவிப் பார்ப்பார்கள், செல்ஃபி எடுப்பார்கள், காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஒரு பன்னிரண்டு அங்குலப் பிரின்ட் அந்த வீட்டோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது. இங்கே நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, வீடு நமக்கு உதவும் என்ற இந்த நினைப்பிலிருந்துதான் கிளம்புகின்றன.

வீட்டை ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு, "வளவைச் சுற்றி மாட்டிவிடலாம்" என்று முடிவு செய்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். வளவின் நடுவே வானம் திறந்த முற்றம். உச்சி வெயிலில் அங்கே கண் கூசும், சுற்றியிருக்கும் தாழ்வாரமோ மங்கலாக இருக்கும். தாழ்வாரச் சுவரில் கண்ணாடி போட்ட ஃபிரேமை மாட்டினால், பார்ப்பவருக்குப் பின்னால் முற்றம் இருக்கிறது. கண்ணாடியில் அவருக்குத் தெரிவது வெளிச்சமான முற்றமும், அதன் நடுவே இருட்டாகத் தன் தலையும்தான். படத்தைப் பார்க்க அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்து நிற்க வேண்டும். முற்றத்துக்கு எதிரே மாட்டாமல், அதற்குச் செங்குத்தாக வரும் சுவர்களில் மாட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். இல்லையென்றால் உள்ளறைகளுக்குப் போய்விடலாம்.

இன்னொரு வழியை அந்த வீடே காட்டும். உயரத்தில் வரிசையாக மாட்டியிருக்கும் பழைய குடும்பப் படங்களைப் பாருங்கள். கீழ்விளிம்பு சுவரில் ஒட்டியிருக்கும், மேல்விளிம்பு முன்னால் சாய்ந்திருக்கும். கீழே நின்று பார்ப்பவருக்கு முகம் நேராகத் தெரியும், கண்ணாடியின் பளபளப்பும் கண்ணில் அடிக்காது. உங்கள் ஃபிரேமின் மேல்விளிம்பையும் கொஞ்சம் முன்னால் தள்ளிவிடலாம். ஆனால் சாய்த்தால் கண்ணாடி தரையைப் பிரதிபலிக்கும், இங்கே தரை சும்மா கிடக்கும் தரை இல்லை. துடைத்துத் துடைத்துப் பளபளக்கும் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் பூப்பூவாக விழும். படங்களுக்குக் கீழே கோரைப் பாய் விரித்துவிட்டால் போதும். செலவும் குறைவு, வந்தவர்கள் உட்கார்ந்தும் பார்க்கலாம்.

வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கும் அறையில் வேறொரு வேடிக்கை. காலை வெயில் உள்ளே வரும்போது நீலமும் சிவப்புமாக ஒரு திட்டு சுவரில் மெல்ல நகரும். அது உங்கள் படத்தின் மேல் ஏறும் நேரத்தில் வந்தவருக்கு நீங்கள் எடுத்தது கலர் படமா இல்லையா என்றே குழப்பம் வரும். நேர் வெயில் படுவது கலர் பிரின்டுக்கு ஆயுளையும் குறைக்கும். அருங்காட்சியகங்களில் புகைப்படங்களுக்கு 50 முதல் 150 லக்ஸ் வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். வெயில் விழும் இடத்தில் அது பல ஆயிரத்தைத் தாண்டும். ஆகவே காலை, உச்சி, மாலை மூன்று நேரமும் போய்ப் பாருங்கள். எந்தச் சுவரில் எப்போது வெயில் விழுகிறது என்று குறித்துக்கொண்டு வந்த பிறகுதான் பிரின்ட் வேலை.

பிரின்ட் வேலையில் பெரிய தவறு, லேபின் வெளிச்சத்தில் பார்த்து "சூப்பர்" என்று தலையாட்டிவிடுவது. பளீரென்ற விளக்கின் கீழ் அடர்த்தியாக, அழகாகத் தெரிந்த நிழல் பகுதி, பட்டாலை என்ற கூடத்தின் மங்கலில் ஒரே கறுப்பாகிவிடும். போதாததற்கு ஃபைபர் பேப்பர் காய்ந்ததும் ஈரத்தில் பார்த்ததைவிடக் கொஞ்சம் இருண்டுவிடும். அதனால் எல்லாவற்றையும் மொத்தமாகப் போடாமல் இரண்டு சோதனைப் பிரின்டை எடுத்துப் போய், மாட்டப்போகும் இடத்திலேயே வைத்துப் பாருங்கள். நிழலில் இருக்கும் சேலைக் கரை தெரிகிறதா, கதவின் மரவேலை தெரிகிறதா? தெரியவில்லையென்றால் வெளிச்சத்தைக் கூட்டுவதா, பிரின்டை வெளுப்பாக்குவதா என்று அப்போது முடிவு செய்யலாம். விளக்கு போடுவதென்றால் பழைய வயரிங் எவ்வளவு தாங்கும் என்று எலெக்ட்ரீஷியனைக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்இடி போதும், ஆனால் எல்லாம் ஒரே நிறமாக இருக்க வேண்டும். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை என்று கலந்தால் கலர் பிரின்ட் ஒவ்வொன்றும் ஒவ்வொரு லேபில் போட்ட மாதிரி தெரியும்.

அளவு விஷயத்தில் இரண்டு கோளாறு. 35 மி.மீ. நெகட்டிவ் 24க்கு 36, அதாவது இரண்டுக்கு மூன்று. அதை 8க்கு 10 அங்குலப் பேப்பரில் நிரப்பினால் ஓரம் வெட்டுப்படும். பாட்டியின் கை போய்விட்டது என்று பிறகு லேபோடு சண்டை போட்டுப் பயனில்லை. 8க்கு 12 கேளுங்கள், அல்லது வெள்ளை ஓரம் விட்டு முழு ஃபிரேமும் வரும்படி போடச் சொல்லுங்கள். அடுத்தது, கூரை உயரமாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் பெரிதாக்குவது. ஸ்கேன் செய்து 16க்கு 24 அங்குலத்தில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமென்றால் 4800க்கு 7200 பிக்ஸல் தேவை. லேபிலிருந்து மெயிலில் வரும் சாதாரண ஸ்கேன் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. அதை இழுத்து, கூர்மையும் ஏற்றினால் கிரெய்ன், அதாவது ஃபிலிமின் பொடிமணி, சொரசொரவென்று துருத்திக்கொண்டு நிற்கும். சிறிய பிரின்டை அகல மவுண்டில், அதாவது சுற்றிலும் அகல ஓரம் விடும் அட்டையில் வைத்து, நெருக்கமாக மாட்டினால் உயரமான சுவரிலும் கண் அங்கேயே நிற்கும்.

இனி ஃபிரேம் கடை. நம் ஊர்க் கடைகளில் பாதி வேலை சாமி படம், மீதி கல்யாணப் படம். அவர்கள் வேகம் பிரமாதம். ஆனால் நீங்கள் ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டு வந்தால், பிரின்டின் பின்னால் பசை தடவி ஹார்ட்போர்டில் ஒட்டி, முன்னால் கண்ணாடியை அழுத்தி, சுற்றிலும் பிரௌன் டேப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். "ஒட்டினாப்புல வச்சாத்தானே சார் படம் பளிச்சுன்னு இருக்கும்" என்பார்கள். காற்றில் ஈரம் ஏறும்போது பிரின்டின் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படத்தின் தோல் உரிந்து வரும். ஹார்ட்போர்டின் அமிலம் வருடங்கள் போகப் போகப் பேப்பரைப் பழுப்பாக்கும். அமிலமில்லாத மவுண்ட் போர்டை நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஜன்னல் மாதிரி வெட்டிய மேல் போர்டு இருந்தால் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி கிடைக்கும். பிரின்டின் மேல்விளிம்பை மட்டும் மெல்லிய காகிதப் பட்டையும் ஸ்டார்ச் பசையும் வைத்துத் தொங்கவிட்டால், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். செல்லோ டேப்பும் ஃபெவிகாலும் படத்தின் பக்கமே வரக் கூடாது. முதல் ஃபிரேமைக் கடையில் நின்று பார்த்துச் சரிசெய்துவிட்டு வந்தால் மீதியை அவர்களே சுத்தமாகச் செய்துவிடுவார்கள்.

சுவரில் ஆணி அடிக்கவே கூடாது. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த அந்தப் பூச்சைத் திரும்பக் கொண்டுவர ஆள் கிடைப்பது கஷ்டம். ஒட்டும் கொக்கியும் வேண்டாம், கழற்றும்போது பூச்சின் மேல்தோலையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். மர ஸ்டாண்டு, உத்தரத்திலிருந்து இறக்கிய கயிறு, இவைதான் வழி. தூணில் கயிறு கட்டினால் அடியில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், ஃபிரேமின் கீழ்ப்பக்கத்தையும் இழுத்துக் கட்டுங்கள். இல்லையென்றால் முற்றத்துக் காற்றில் படம் ஊசலாடும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும்.

அனுமதி வாங்குவதிலும் அவசரம் கூடாது. சாவி வைத்திருப்பவர் சரி என்றால் எல்லாம் சரி ஆகிவிடாது. பல வீடுகள் பங்காளிகள் பலருக்குப் பொது. ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில் இருப்பார். யாரிடம் கேட்கவில்லையோ அவர் வீட்டுக் கல்யாணம் உங்கள் தேதியில்தான் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, முற்றத்துச் சாரல் தாழ்வாரம் வரை அடிக்கும். தை பிறந்த பிறகு வானம் தெளிவு, ஆனால் வீட்டு விசேஷங்களும் அப்போதுதான். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியூர்க்காரர்கள் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் உண்டு. நம் வீடுகளில் கறுப்பு வெள்ளையில் ஒரு முகம், தனியாக, ஃபிரேம் போட்டு உயரத்தில் மாட்டியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நல்லபடியாக இருக்கும் ஒரு ஆச்சியின் படத்தை நிலைவாசலுக்கு மேல் மாட்டி, கீழே குத்துவிளக்கும் ஏற்றி வைத்தால், திறப்பு விழாவுக்கு வரும் அவர் மகன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வேண்டும். உயிரோடு இருப்பவர்கள் படத்தை மற்ற படங்களோடு சேர்த்து, கண் மட்டத்தில் வையுங்கள். விளக்கையும் மாலையையும் தள்ளி வையுங்கள். முடிந்தால் அவரிடமே பிரின்டை முன்கூட்டிக் காட்டி, ஒரு பிரதியும் கொடுத்துவிடுங்கள்.

படக்குறிப்பில் ‘தலைப்பில்லை’ என்று போடுவது இங்கே எடுபடாது. வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்கப்போவது, "இது யாரு, எந்த ஊரு, யார் வீடு?" ஊர், ஆண்டு, பெயர் சொல்லச் சம்மதித்தவர்களின் பெயர், இவற்றைத் தமிழில், கண்ணாடி போடாமலே படிக்கும் அளவு எழுத்தில் போடுங்கள். எந்த ஃபிலிம், எந்தப் பேப்பர் என்பதை வாசலில் ஒரு அட்டையில் சொல்லிவிட்டால் போதும்.

இறக்கும் நாளில் ஃபிரேம்களை முகத்தோடு முகம் வைத்து, நடுவே அட்டை கொடுத்து, செங்குத்தாக நிறுத்தி ஏற்றுங்கள். படுக்கை வசமாக அடுக்கினால் அடியில் இருக்கும் கண்ணாடிதான் முதலில் போகும். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று பின்கட்டில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டாம். பேப்பரும் பசையும் ஜெலட்டினும் இராமபாணப் பூச்சிக்குப் பிடித்த சாப்பாடு. பிரின்டை ஃபிரேமிலிருந்து எடுத்து, அமிலமில்லாத தாள் இடையிட்டு உலர்ந்த இடத்தில் வையுங்கள். நெகட்டிவ்கள் அதே அலமாரியில் இருக்க வேண்டாம்.