ஸ்காண்டிநேவியப் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி?

பழைய நார்வே ஆவணம் ஒன்றில் 'ஓலெ ஆண்டெர்சென் பாக்கெ' என்று ஒரு பெயர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று நம்பி, ஊரில் உள்ள பாக்கெக்களை எல்லாம் ஓலெயின் பங்காளிகளாக்கி வம்ச மரம் வரைபவர்கள் நிறையப் பேர். அந்த மரம் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். சரியாகப் படிக்கும் முறை இதோ.

படி 1: நாடும் ஆண்டும்

பெயரில் கை வைப்பதற்கு முன் இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். டென்மார்க்கில் பிரபுக்கள் 1526-லேயே நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அரச ஆணை வந்தது. சாதாரண மக்களுக்கு 1828-இல்தான் வந்தது. கிராமங்களில் அது வேரூன்றப் பல பத்தாண்டுகள் ஆயின. ஸ்வீடனில் 1901, நார்வேயில் 1923. ஐஸ்லாந்து எதிர்த்திசையில் போனது: 1925-இல் புதிதாகக் குடும்பப் பெயர் எடுப்பதையே தடை செய்தது. இந்த ஆண்டுகளுக்கு முந்தைய கிராமத்து ஆள் என்றால், அவருக்குக் குடும்பப் பெயர் இல்லை என்று எடுத்துக்கொண்டே தொடங்குங்கள்.

படி 2: விகுதியைப் பாருங்கள்

டென்மார்க், நார்வேயில் 'சென்', ஸ்வீடன், ஐஸ்லாந்தில் 'சொன்' என்று முடிந்தால் இன்னாரின் மகன். 'டாத்தெர்', 'டொத்தெர்', 'டோத்திர்' என்றால் மகள். இனிஷியலோடு வளர்ந்த நமக்கு இதைப் பிடித்துக்கொள்வது சுலபம்.

வட அமெரிக்கக் கரையை எட்டிய லெய்ஃப் எய்ரிக்சொன்னை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா எய்ரிக் தோர்வால்ட்சொன், தாத்தா தோர்வால்ட் ஆஸ்வால்ட்சொன். லெய்ஃபின் சகோதரி ஃப்ரெய்டிஸ் எய்ரிக்ஸ்டோத்திர். ஒரே வீடு, ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை பெயரின் பின்பாதி வேறு.

கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறாது. தேடுபவருக்கு இது பெரிய வசதி: மனைவியின் பெயரிலேயே அவள் அப்பாவின் பெயர் கிடைத்துவிடும்.

படி 3: நார்வேயா? மூன்றாவது சொல் பண்ணையின் பெயர்

ஓலெ ஆண்டெர்சென் பாக்கெ என்றால் பாக்கெ பண்ணையில் இருக்கும், ஆண்டெர்ஸின் மகன் ஓலெ. அந்த மூன்றாவது சொல் ஒரு விலாசம், அவ்வளவுதான். நாளைக்கு அவர் ஹௌகென் பண்ணைக்குக் குடி போனால் ஓலெ ஆண்டெர்சென் ஹௌகென் ஆகிவிடுவார். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனால் மனைவி வீட்டுப் பண்ணையின் பெயர் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பண்ணை நிலத்தில் குடிசை போட்டு உழைத்த ஏழைக் குடியானவருக்கும் அதே பெயர்தான். ஆகவே ஒரே பண்ணைப் பெயரை வைத்து மட்டும் உறவு சொல்லவே கூடாது. ஓலெ வீடு மாறியதை ஆவணத்தில் பின்தொடர வேண்டுமானால், பிறந்த தேதியைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

படி 4: ஸ்வீடனா? சிப்பாய்ப் பெயரா என்று சந்தேகப்படுங்கள்

எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஒரு படைப்பிரிவில் பத்து ஆண்டெர்ஸ் ஆண்டெர்சொன் இருந்தால் அதிகாரி யாரைக் கூப்பிடுவார்? அதனால் சேரும்போதே சுருக்கமாக ஒரு பெயர் வைத்துவிடுவார்கள்: ராஸ்க் (சுறுசுறுப்பானவன்), மோடிக் (துணிச்சல்காரன்), ஸ்வேர்ட் (வாள்), ஸ்டோல் (எஃகு). 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த ஏற்பாட்டின்படி, ஒரு சில பண்ணைகள் சேர்ந்து ஒரு சிப்பாய்க்குக் குடிசையும் துண்டு நிலமும் கொடுத்துப் பராமரித்தன. அவர் போனதும் அடுத்து வரும் சிப்பாய் குடிசையோடு பெயரையும் வாங்கிக்கொள்வது வழக்கம். ஒரே குடிசையில் அடுத்தடுத்து வாழ்ந்த இரண்டு ராஸ்க்குகள் ஒருவருக்கொருவர் யாரோ எவரோவாக இருக்கலாம். பிள்ளைகளோ சிலர் ராஸ்க் என்றும், சிலர் அப்பா பெயரோடு 'சொன்' சேர்த்தும் எழுதிக்கொண்டார்கள்.

படி 5: தானே தேர்ந்தெடுத்த பெயர்கள்

லிண்ட்பெர்க் (லிண்டன் மரம், மலை), பெர்க்ஸ்ட்ரோம் (மலை, ஓடை) போன்றவை பெரும்பாலும் காதுக்கு இனிமையாக இருக்கிறதே என்று ஒட்டிக்கொண்டவை. அவர்கள் மலையடிவாரத்தில் வாழ்ந்தார்களா என்று தேடிப் பயனில்லை. படித்தவர்களும் பாதிரிமார்களும் லத்தீன் பக்கம் போனார்கள். தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் அப்பா நில்ஸ் இங்கெமார்சொன், பல்கலைக்கழகத்தில் சேரும்போது குடும்ப நிலத்தில் நின்ற லிண்டன் மரத்தை நினைத்து அந்தப் பெயரை எடுத்தார். இல்லாவிட்டால் மகன் வெறும் கார்ல் நில்சொன்தான்.

படி 6: தேடத் தொடங்குங்கள்

முதல் பெயர், பிறந்த ஆண்டு, ஊர் அல்லது பண்ணை என்ற வரிசையில் தேடுங்கள். கடைசிப் பெயரைக் கடைசியில் சேருங்கள். நார்வேயின் டிஜிட்டல் ஆவணக் காப்பகத்தில் 1801, 1865 மக்கள்தொகைக் கணக்குகள் இலவசம். ஸ்வீடனுக்குத் தேவாலயப் பதிவேடுகள். வீடு வீடாக யார் இருந்தார்கள் என்று பாதிரியார் எழுதி வைத்த ஏடுகள் பொக்கிஷம்.

அப்பா பெயர் கிடைத்ததும் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்பது பரவலான வழக்கம். ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் தென்பட்டால் குழம்ப வேண்டாம். பெரும்பாலும் முதல் பிள்ளை இறந்ததும் அடுத்ததற்கு அதே பெயரை வைத்திருப்பார்கள். மறுமணம் செய்தவர் இறந்த மனைவியின் பெயரைப் புது மனைவிக்குப் பிறந்த மகளுக்கு வைப்பதும் உண்டு.

அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களைத் தேடுகிறீர்களா? அண்ணன் அப்பா பெயரையும் தம்பி பண்ணைப் பெயரையும் குடும்பப் பெயராக்கிக்கொண்டு இறங்கியிருக்கலாம். இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.