ஸ்கிராஃபிட்டோ: கீறல் பூச்சில் முதல் கட்டம்

செக் நாட்டில் 1568 முதல் 1581 வரை கட்டப்பட்ட லிட்டோமிஷ்ல் மாளிகையின் வெளிச்சுவர்களில், கடித உறையின் பின்பக்கத்தைப் போன்ற கட்டங்கள் 8,000-க்கும் மேல் இருக்கின்றன. எல்லாம் ஸ்கிராஃபிட்டோ முறையில் சுண்ணாம்புப் பூச்சில் கீறியவை: அடிப்பூச்சின் மேல் வேறு நிறம் அடித்து, மேலடுக்கைச் சுரண்டி அடிநிறத்தைத் தெரியவைக்கும் முறை. செதுக்கிய கல்சுவர் என்று கண்ணை நம்பவைக்கும் வேலை இது. முகங்களும் இலைக்கொடிகளும் பிறகு ஆகட்டும். பழகுவதற்கு இந்தக் கட்டம் ஒன்றே போதும்.

1. முதலில் காகிதம். ஒரு சாண் சதுரம் வரைந்து மூலைக்கு மூலை கோடு இழுங்கள். கோடுகள் நெடுக ஊசியால் துளையிடுங்கள். பூச்சு காயத் தொடங்கிய பிறகு இதற்கு நேரம் கிடைக்காது.

2. சொரசொரப்பான சுட்ட மண் ஓட்டை நீரில் நன்றாக ஊறவிடுங்கள். காய்ந்த ஓடு பூச்சின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

3. சுண்ணாம்புக் கூழ் ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டரைப் பங்கு. கருமைக்கு மரக்கரித் தூள். ஒரு சென்டிமீட்டர் கனத்தில் பூசி மட்டப்பலகையால் தேயுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கிவிடும். சிமென்ட் வேண்டாம். அது இறுகிவிட்டால் கீறல் சீராக விழாது.

4. அழுத்தினால் விரல் புதையக் கூடாது, ஆனால் ஈரம் தெரிய வேண்டும். அந்தப் பதத்தில் நீரில் கரைத்த வெள்ளைச் சுண்ணாம்பை இரண்டு முறை மெல்லியதாக அடியுங்கள்.

5. வெள்ளையின் பளபளப்பு அடங்கியதும் காகிதத்தை வைத்து, கரித்தூள் கட்டிய துணியால் ஒற்றுங்கள். துளை வழியே புள்ளிகள் இறங்கும். கோடுகளைக் கத்திமுனையால் வெட்டிவிட்டு, ஒரு முக்கோணத்தின் வெள்ளையை மட்டும் சுரண்டி எடுங்கள். அதுவே நிழல், செக் தலைநகர் பிராகாவின் ஷ்வார்ஸென்பெர்க் மாளிகையில் தட்டைச் சுவர் பட்டை தீட்டிய கல்லாகத் தெரிவதும் இந்த உத்தியால்தான். வெள்ளை இழுபட்டுக் கருப்பில் அப்பினால் அவசரப்பட்டுவிட்டீர்கள், சற்றுப் பொறுங்கள். ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தால் நேரம் கடந்துவிட்டது. புதிதாகப் பூசுவதே மேல். வெளிச்சுவருக்கான வேலை என்றால் கீறலின் ஓரங்களைச் சாய்வாக வெட்டுங்கள். செங்குத்தான விளிம்பில் மழைநீர் தங்கும்.

6. வெயில் படாமல் ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரம் வையுங்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கித்தான் சுண்ணாம்பு இறுகும்; அதற்கு ஈரம் வேண்டும். காய்ந்ததும் கருப்பு வெளுத்துச் சாம்பலாகும். அடுத்த ஓட்டுக்குக் கரியைக் கூட்டலாமா என்பதை அப்போது முடிவு செய்யுங்கள்.