வெட்டக் கூடாததும் வெட்ட வேண்டியதும்: அறிவியல் பகிர்வில் நேரும் தவறுகள்

ஆகஸ்ட் பிறந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் அறிவித்துவிடுவார்: "இன்றிரவு செவ்வாய் கிரகம் முழுநிலவு அளவுக்குத் தெரியும்." இதை முழுப் புரளி என்றும் சொல்ல முடியாது. 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் பூமிக்குச் சுமார் 5.58 கோடி கிலோமீட்டர் தொலைவு வரை நெருங்கியது உண்மை. அதற்கு முந்தைய ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் அது அவ்வளவு அருகே வந்ததில்லை. அப்போது சுற்றிய மின்னஞ்சல், 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் செவ்வாயைப் பார்த்தால், வெறும் கண்ணுக்குத் தெரியும் நிலவின் அளவில் இருக்கும் என்றது. கணக்கும் சரிதான், அன்று செவ்வாயின் தோற்ற விட்டம் நிலவுடையதில் சுமார் 75இல் ஒரு பங்கு இருக்கும். கைமாறிக் கைமாறி வந்ததில் தொலைநோக்கி கழன்று விழுந்தது. பிறகு 2003 என்ற ஆண்டும் கழன்றுபோயிற்று.

வியப்பூட்டும் செய்தியைப் பகிர்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. எப்போது, எங்கிருந்து, எதைக் கொண்டு பார்த்தால் என்ற நிபந்தனையைத்தான் வெட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர் பெரிய பெயர் ஒன்றை ஒட்டிவைப்பார்கள். தேனீக்கள் அழிந்தால் மனிதனுக்கு நான்கே ஆண்டுகள்தான் என்று ஐன்ஸ்டைன் சொன்னதற்குச் சான்று எதுவும் இல்லை. தேனீயின் அருமையைச் சொல்ல இயற்பியலாளரின் சிபாரிசு எதற்கு?

ஆர்வலர் கூட்டத்துக்கே உரிய தவறு வேறு: ஒருவர் வாயைத் திறந்ததும் திருத்தப் பாய்வது. விண்வெளித் திரைப்படத்தை ரசித்துப் பேசுகிறவரிடம் "வெற்றிடத்தில் ஒலி கேட்காது" என்று பாடம் எடுப்பவர் எந்தக் குழுவிலும் உண்டு. பெர்சியஸ் விண்மீன்திரள் கொத்தின் சூடான வாயுவில் பரவும் அழுத்த அலைகளை, அதாவது ஒலி அலைகளை, 57, 58 எண்சுரங்கள் (ஆக்டேவ்) உயர்த்தி, காதுக்குக் கேட்கும்படி 2022இல் நாசா வெளியிட்டது. திருத்த வந்தவருக்கும் திருத்தம் காத்திருக்கிறது.

இயற்கைப் படங்களில் நிலைமை தலைகீழ். அங்கே வெட்ட வேண்டிய இருப்பிடத்தை வெட்டாமல் விடுகிறோம். கோனியூரோசாரஸ் லூயி என்ற சீனப் பல்லியை 1999இல் விவரித்த ஆய்வுக் கட்டுரையில் அது கிடைத்த இடமும் அச்சாயிற்று. வளர்ப்புப் பிராணிச் சந்தைக்காகப் பிடிப்பவர்கள் தேடிப்போய், அந்த இடத்தில் அதை இல்லாமலே ஆக்கிவிட்டார்கள். ஆய்வாளர்களுக்கே இந்தக் கதி.

கண்ட உயிரினங்களைப் படத்தோடு பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் அருகிவரும் உயிரினங்களின் இருப்பிடத்தைத் தாமாகவே மங்கலாக்கிவிடும். அதே படத்தை வேறிடத்தில் ஏரியின் பெயர், கரையிலுள்ள கோயில் சகிதம் போட்டால் அந்தக் காப்பு வீண். கைபேசிப் படத்துக்குள்ளேயே இருப்பிடம் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். கூடு, குஞ்சு என்றால் மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, குஞ்சுகள் பறந்த பிறகு போடலாம். அதனால் லைக் ஒன்றும் குறைந்துவிடாது.