மலை வீட்டில் வெந்நீர்: மண்ணெண்ணெய், விறகை விட்டுக் கேஸ் கீசருக்கு மாறுவது எப்படி?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டில் எரிபொருள் பெரும்பாலும் செலவாவது குளிக்கிற வெந்நீருக்குத்தான். ரேஷன் மண்ணெண்ணெய் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது. சீகை, கற்பூர மர விறகு ஆடி மாதத்தில் காய்வதே இல்லை. கரன்ட் கீசர் வைத்திருப்பவர்களுக்கோ, பருவமழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்தான். எங்கள் வீட்டில் பம்ப் ஸ்டவ்வையும் விறகு பாய்லரையும் விட்டுவிட்டுக் கேஸ் கீசருக்கு மாறிவிட்டோம். பெட்டியோடு வரும் கையேடு சமவெளி வீடுகளை மனதில் வைத்து எழுதியது. மலையில் வேறுபடுகிற விஷயங்கள் அதில் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

இங்கே கேஸ் என்று நான் சொல்வது சிலிண்டரில் வரும் எல்பிஜி. குழாய் இணைப்பு, ஸ்பேனர் பிடிப்பது எல்லாம் தெரிந்த பிளம்பர் ஒருவர் கூட இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் இடம். மற்ற எதையும் பிறகு பார்க்கலாம்

கீசரைக் குளியலறைக்கு வெளியே, வெளிச்சுவரில் பொருத்துங்கள். கடைக்காரர் "உள்ளேயே மாட்டலாம் சார், எல்லாரும் அப்படித்தான் மாட்டுறாங்க" என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.

காரணம் இது. கேஸ் எரியக் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் வேண்டும். ஆக்ஸிஜன் போதாமல் போனால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். லேசான தலைவலி, குமட்டல், கண்ணைச் செருகும் தூக்கம் என்று ஆரம்பித்து, எழுந்து கதவைத் திறக்கக்கூடத் தெம்பில்லாத நிலைக்கு ஆள் போய்விடுவார்.

மலையில் இந்த ஆபத்து இரண்டு மடங்கு. ஒன்று, குளிருக்குப் பயந்து நாம் குளியலறை ஜன்னலை இறுக்கி மூடுகிறோம், வெண்டிலேட்டரில் அட்டையும் துணியும் திணிக்கிறோம். இரண்டு, 2,240 மீட்டர் உயரத்திலிருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அதாவது ஒவ்வொரு லிட்டர் காற்றிலும் ஆக்ஸிஜனே குறைச்சல். சென்னையில் சுத்தமாக எரிகிற அதே பர்னர் இங்கே திணறும். குளிர்காலத்தில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி உயிர் போன செய்திகள் கொடைக்கானல் பக்கமிருந்து வந்திருக்கின்றன. குளியலறைக்குள் கேஸ் கீசர் செய்வதும் அதே வேலைதான். வீட்டில் குழந்தைகள் தனியாகக் குளிக்கப் போகிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு இந்த ஒரு முடிவை எடுங்கள்.

வெளிச்சுவரிலும் எங்கே என்று பார்க்க வேண்டும். எந்த ஜன்னலுக்கும் வெண்டிலேட்டருக்கும் நேர் கீழே வேண்டாம், புகை திரும்ப வீட்டுக்குள் வரும். தாழ்வாரத்தின் கீழே, மழை படாத இடம் நல்லது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று அடிக்கும் பக்கமாக இருந்தால் தீ அணைந்து அணைந்து போகும். அப்படிப்பட்ட சுவர்தான் உங்களுக்கு இருக்கிறது என்றால், இரண்டு பக்கவாட்டிலும் தகரம் அடித்து மறையுங்கள். மேலும் கீழும் திறந்தே இருக்கட்டும். கூண்டு மாதிரி முழுக்க மூடினால் வெளியே வைத்ததன் பலனே போய்விடும்.

எந்தக் கீசர் வாங்குவது?

ஐஎஸ்ஐ முத்திரை, தீ அணைந்தால் தானாகக் கேஸை நிறுத்தும் அமைப்பு, 20 நிமிடத்தில் தானாக அணையும் டைமர் இந்த மூன்றும் இருக்க வேண்டும். புகைக்குழாய் வைத்த மாடல் கிடைத்தால், கூடுதல் காசு கொடுத்தாவது அதையே வாங்குங்கள்.

பெட்டியில் "நிமிடத்துக்கு 6 லிட்டர்" என்று போட்டிருக்கும். அந்த அளவில் தண்ணீர் ஓடும்போது வெப்பம் ஏறக்குறைய 24 டிகிரிதான் கூடும். மதுரையில் 27 டிகிரியில் வரும் தண்ணீர் 51 ஆகிவிடும், கை வைக்க முடியாது. நமக்கு மார்கழியில் டேங்க் தண்ணீர் 11, 12 டிகிரியில் வரும். அது 35தான் ஆகும். ஊட்டிக் குளிரில் அதை வெந்நீர் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தண்ணீர்த் திருகைக் குறைத்து நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓட விட்டால் 47, 48க்கு வரும். வாளி நிரம்பக் கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான். "கீசர் சரியில்லை, சூடே ஆகவில்லை" என்று திருப்பிக் கொடுக்கப் போகும் முன் இந்தத் திருகைத் தொட்டுப் பாருங்கள்.

தண்ணீர் அழுத்தம்: எங்கள் வேலை நின்றுபோன இடம்

எல்லாம் பொருத்தி முடித்தாயிற்று. குழாயைத் திறந்தால் 'டிக் டிக்' சத்தம்கூட வரவில்லை. பேட்டரி புதுசு, கேஸ் வருகிறது, தண்ணீரும் வருகிறது, ஆனால் பற்றவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு மெஷின் பழுது என்றார். மெஷினில் பழுதே இல்லை.

கேஸ் கீசருக்கு உள்ளே ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. தண்ணீர் போதிய வேகத்தில் தள்ளினால்தான் அந்தச் சவ்வு நகர்ந்து, சுவிட்சைத் தட்டி, கேஸ் வால்வைத் திறக்கும். தண்ணீர் இல்லாதபோது கீசர் எரிந்து உருகாமல் இருக்க இந்த ஏற்பாடு. எங்கள் மாடலில் குறைந்தது 0.3 பார் அழுத்தம் தேவை என்று போட்டிருந்தது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார். அப்படியானால் 0.3 பாருக்குக் கீசரின் வாயிலிருந்து டேங்கின் நீர்மட்டம் வரை நேர் உயரம் 3 மீட்டராவது வேண்டும். எங்கள் வீடு ஒற்றை மாடி, டேங்க் கூரை மட்டத்தில். கீசரிலிருந்து அளந்தால் 2 மீட்டர்கூட முழுசாக இல்லை.

மலை வீட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நம் வீடுகள் சரிவை வெட்டிக் கட்டியவை. பின்பக்கம் மேல்தட்டில் கொஞ்சம் நிலம் இருந்தால் டேங்கை அங்கே ஏற்றிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். இப்போது 6 மீட்டர் உயரம் கிடைக்கிறது, குழாயைத் திறந்த நொடியில் பற்றுகிறது. நேர் உயரத்தை அளக்க ஒரு எளிய வழி உண்டு. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர் டியூபை வாங்கி, படிப்படியாக அளந்துகொண்டே மேலே போகலாம்.

மேல்தட்டு இல்லாதவர்கள் சிறிய பிரஷர் பம்ப் வைக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. கரன்ட் போனால் பம்பும் நிற்கும், வெந்நீரும் நிற்கும். டேங்குக்கு இரும்பு ஸ்டாண்ட் அடித்து உயர்த்துவது எவ்வளவோ மேல்.

அடுத்து வடிகட்டி. தண்ணீர் நுழையும் இடத்தில் பொடி வலை ஒன்று இருக்கும். ஊற்றுத் தண்ணீர், ஓடைத் தண்ணீர் எடுக்கும் வீடுகளில் பாசியும் இலைத் தூசும் அதில் அடைத்துக்கொள்ளும். நேற்று வரை பற்றிய கீசர் இன்று பற்றவில்லை என்றால் முதலில் பேட்டரி, அடுத்து இந்த வலை. இரண்டையும் பார்த்த பிறகு மெக்கானிக்குக்குப் போன் போடலாம்.

வெந்நீர்க் குழாய்க்குச் சிபிவிசி போடுங்கள். சாதாரணப் பிவிசி சூட்டில் வளைந்துவிடும். கீசருக்கும் வாளிக்கும் இடையே குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. வெளியே ஓடும் பகுதிக்குக் கறுப்பு ஃபோம் உறை மாட்டுங்கள்.

கேஸ் பக்கம்

கீசருக்குத் தனிச் சிலிண்டர், தனி ரெகுலேட்டர். சமையல் அடுப்புச் சிலிண்டரிலிருந்து 'டி' போட்டு இழுக்காதீர்கள். ஏஜென்சியில் கீசர் வைக்கப் போகிறோம் என்று சொல்லி, அவர்கள் மெக்கானிக்கை வைத்தே இணைப்புக் கொடுங்கள். ரெகுலேட்டர் வீட்டு அடுப்புக்குத் தருகிற சாதாரண வகைதான். ஹோட்டல் அடுப்புக்கான, திருகி அழுத்தம் ஏற்றும் ரெகுலேட்டர் இதற்கு ஆகாது.

ரப்பர் குழாய் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள சுரக்ஷா வகை, ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் கூடாது, ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும். சுவரைத் துளைத்துப் போக வேண்டியிருந்தால் அந்த இடத்தில் செம்புக் குழாய்தான்.

சிலிண்டரை எங்கே வைப்பது என்பதிலும் மலைக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. எல்பிஜி காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளத்தைத் தேடிப் போகும். சரிவு வீட்டில் மேல்தட்டில் கசிந்த கேஸ், கீழ்த்தட்டில் இருக்கும் அறைக்குள் இறங்கித் தேங்கலாம். படிக்கட்டுக்கு மேலேயோ, கீழறையின் கதவுக்கு நேரேயோ சிலிண்டர் வேண்டாம். சாக்கடைத் திறப்பும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

காலை வெயில் படும் இடமாக இருந்தால் நல்லது. சிலிண்டருக்குள் திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாகும்போது தன் சூட்டையே இழக்கும். இதிலுள்ள பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், புரொப்பேன்தான் கடும் குளிரிலும் வரும். தை மாத விடியலில், பாதிக்கு மேல் தீர்ந்த சிலிண்டரில் வரிசையாக நாலு பேர் குளித்தால் மூன்றாவது ஆளுக்குத் தீ சிறுத்துப்போகும். நடுவில் பத்து நிமிடம் இடைவெளி விடுங்கள், சரியாகிவிடும். சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுவது, பக்கத்தில் நெருப்பு மூட்டுவது ஒருபோதும் கூடாது.

சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் பாருங்கள். 'பி-27' என்று இருந்தால் 2027 ஜூன் வரை அடுத்த சோதனைக்குக் கெடு இருக்கிறது என்று அர்த்தம். ஏ, பி, சி, டி என்பவை வருடத்தின் நான்கு காலாண்டுகள்.

இணைத்து முடித்ததும் சோப்பு நுரையை ஒவ்வொரு மூட்டிலும் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி வைத்துப் பார்க்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களை வேலைக்கு விடாதீர்கள். கேஸ் வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906க்கு அழைக்கலாம்.

பற்றவைத்த பிறகு

தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சள் நுனி ஆடினால் கேஸ் திருகைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மலையில் அந்தத் திருகை முழுக்கத் திறக்க வேண்டிய அவசியம் வராது. குறைத்தும் நீலமாகவில்லை என்றால் பர்னரில் தூசி, சிலந்திக் கூடு இருக்கும். கீசரை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: 20 லிட்டர் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 40க்குக் கொண்டுவர ஏறக்குறைய 60 கிராம் கேஸ் ஆகும். 14.2 கிலோ சிலிண்டரில் 230 குளியல் போல வரும். நாலு பேர் வீட்டில் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு.

உறைபனிக் காலம்

தலைகுந்தா, காந்தல் மாதிரி உறைபனி விழும் இடங்களில் இருப்பவர்கள் இதை விடக்கூடாது. வெளிச்சுவரில் இருக்கும் கீசருக்குள் தண்ணீர் உறைந்தால் செம்புச் சுருள் வெடித்துவிடும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் தூங்கப் போகும் முன் கீசருக்கு வரும் தண்ணீரை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, அடியில் இருக்கும் வடிகால் திருகைக் கழற்றிக் காலி செய்யுங்கள். காலையில் திருகை மாட்டி, தண்ணீர் நிரம்பி ஓடிய பிறகு பற்றவையுங்கள்.

பின்சேர்க்கை

இதை முதலில் போட்ட பிறகு வந்த கேள்விகளில் இரண்டுக்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

"அறையைச் சூடாக்கவும் கேஸ் ஹீட்டர் வாங்கலாமா?" என்று கோத்தகிரியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரைப் படுக்கையறைக்குள் வைக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஒரு பக்கம், அது எரிந்து விடும் நீராவியால் சுவரெல்லாம் பூஞ்சை பிடிப்பது இன்னொரு பக்கம். எண்ணெய் நிரப்பிய கரன்ட் ரேடியேட்டர் போதும். பழைய பங்களா வீடுகளில் கணப்பு இருந்தால், புகைபோக்கியைச் சுத்தம் செய்து அதையே பயன்படுத்தலாம்.

இன்னொருவர், கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று நினைத்து ஒன்றை வாங்கி மாட்டியிருப்பதாகப் படம் அனுப்பினார். அது கேஸ் கசிவைக் காட்டும் கருவி, தரையோடு ஒட்டி மாட்டுவது. கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில், நாம் மூச்சுவிடும் உயரத்துக்குக் குறையாமல் மாட்ட வேண்டும். வாங்கும்போது பெட்டியில் கார்பன் மோனாக்சைடு என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். சென்சார் காலாவதி ஆகும் தேதியும் பின்புறம் இருக்கும். மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள், வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் எதற்கு என்று சொல்லி வையுங்கள்.