பற்றாக்குறையைக் குறைக்கும் முறை: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கணக்கு

செலவைக் குறைப்பதா, வரியைக் கூட்டுவதா என்று முடிவெடுக்கும் முன், நிதிநிலை அறிக்கையில் இரண்டு எண்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும். நிதிப் பற்றாக்குறை என்பது அவ்வாண்டில் அரசு வாங்க வேண்டிய கடனின் அளவு. அதில் சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற நடப்புச் செலவுக்கே வரவு போதாத பகுதிதான் வருவாய்ப் பற்றாக்குறை. முதலில் அடைக்க வேண்டியது இதையே. 2020-21-இல் இது 61,320 கோடி ரூபாய் என்று 2021 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாட்டு அரசின் வெள்ளை அறிக்கை கூறியது.

அடுத்து, குறைக்கலாம் என்று சொல்லப்படும் ஒவ்வொரு செலவையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். தருமபுரி மாவட்டம் தொப்பூரில் 2023 ஜூலையில் விண்ணப்ப முகாம் தொடங்கப்பட்ட மகளிர் உரிமைத் தொகை, தொடக்கத்தில் சுமார் 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 12,720 கோடி. அதை அடியோடு நிறுத்தினாலும் மேற்சொன்ன அளவிலான பள்ளத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் நிரம்பும். ஏழைக் குடும்பங்களின் கைச்செலவுப் பணம் மட்டும் நின்றுவிடும்.

சம்பளத்தையும் வட்டியையும் உடனே குறைக்க முடியாது என்பதால், வெட்டு பெரும்பாலும் பராமரிப்பின் மீதே விழுகிறது. இதுவே மிகவும் தவறான சிக்கனம். நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த இம்மாவட்டங்களுக்காக 2013-இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்களும் மோட்டார்களும் பழுதாகிக் கிடந்தால், மக்கள் மீண்டும் ஆழ்துளைக் கிணற்று நீருக்கே திரும்புவார்கள். மிச்சம் பிடித்த பணம் பற்களிலும் எலும்புகளிலும் நோயாக வந்து, பிறகு மருத்துவச் செலவாகும்.

வரிப் பக்கம், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் மாநிலம் தானே உயர்த்தக்கூடியவை சிலவே: பெட்ரோல், டீசல், மது, முத்திரைத் தீர்வை, வாகன வரி, மின்சார வரி. டீசலில் எல்லையை மறக்கக்கூடாது. ஓசூரைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். விலை அங்கே குறைவாக இருந்தால் லாரிகள் அங்கேயே நிரப்பிக்கொள்ளும், கூட்டிய வரி கைக்கு வராது.

இம்மாவட்டக் குவாரிகளின் கிரானைட் அப்படி இடம் மாறாது. எனவே புதிய வரி விகிதம் தேடும் முன், குவாரியில் வெட்டிய கனமீட்டரையும், கல்லை ஏற்றிச் செல்ல அனுமதிக்கும் நடைச்சீட்டையும், வெட்டிய கல்லுக்காக அரசுக்குச் செலுத்திய உரிமத் தொகையையும் ஒப்பிட்டு, வரவேண்டிய பாக்கியை வசூலிக்க வேண்டும். விகித உயர்வை அதன் பிறகே எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் பாரம் பேருந்துப் பயணியின் மீது விழுமா, நிலம் வாங்குபவர் மீது விழுமா என்று வரிவாரியாகக் கணக்கிட்ட பின்பே அறிவிக்க வேண்டும்.