கழுத்தில் நெறி கட்டினால் செய்யக்கூடாதவை

கழுத்தில் கட்டும் நெறி சில சமயம் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கலாம். "இந்தப் புற்றுநோய்க்கு ஒரு வைரஸும் காரணமா இருக்கலாம்" என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே வீட்டில் தட்டும் தம்ளரும் தனியாகிவிடுகின்றன. அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஆச்சியின் மடியில் பேரன் ஏறினால்கூட, "எறங்குலே" என்று அதட்டல்தான். பாவம், அவசியமே இல்லாத தண்டனை. லிம்போமா ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. 1964இல் பர்கிட் என்ற ஒரு வகை லிம்போமா கட்டியில் கண்டுபிடிக்கப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸ், பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது. சின்ன வயதில் எச்சில் வழியாக வந்து, ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான பி செல்களில் பதுங்கிக்கொள்ளும். அநேகம் பேருக்கு ஆயுசுக்கும் தொந்தரவில்லை. எச்ஐவியோ, மாற்றுச் சிறுநீரகத்துக்கான மருந்தோ எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தால் ஆபத்து கூடும். ஆப்பிரிக்காவில் மலேரியாவும் அதற்குத் துணைபோகிறது. ஆகவே லேப் ரிப்போர்ட்டில் இந்த வைரஸுக்கு 'ஐஜிஜி (எதிர்ப்புப் பொருள்) பாசிட்டிவ்' என்று பார்த்துப் பதற வேண்டாம். எப்போதோ வந்த தொற்றின் தடம் அது, அவ்வளவுதான்.

இன்னொரு தவறு, நெறி கட்டியதும் பத்துப் போட்டுக்கொண்டே மாதங்களை ஓட்டுவது. நம் பக்கம் டிபி அதிகம் என்பதால் டாக்டர்கள் முதலில் அதைச் சந்தேகிப்பது நியாயமே. ஆனால் சதை எடுத்துப் பார்க்காமல் டிபி மாத்திரை தொடங்குவதும், அதைவிட மோசமாக ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வதும் கூடாது. ஸ்டீராய்டில் லிம்போமா கட்டி தற்காலிகமாகச் சுருங்கிவிடும். அப்புறம் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்தாலும் நோய் பிடிபடாமல் போகலாம். ஊசியால் உறிஞ்சி எடுப்பது மட்டும் பல நேரம் போதாது, நெறி முடிச்சை முழுதாக எடுத்துப் பார்த்தால்தான் எந்த வகை என்று தெளிவாகத் தெரியும். வலியில்லாத கட்டி சில வாரமாகக் கரையாமல், ராத்திரி வேர்வையும் எடைக் குறைவும் சேர்ந்தால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் அரசு பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

வைரஸைப் பற்றி உண்மையில் கேட்க வேண்டிய இடத்தில்தான் யாரும் கேட்பதில்லை. லிம்போமாவுக்குத் தரும் ரிட்டுக்ஸிமாப் மருந்து ஏற்றுமுன், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான பரிசோதனை கட்டாயம். உடம்பில் தூங்கும் அந்த வைரஸ் மருந்தால் விழித்துக்கொண்டால் கல்லீரலே செயலிழக்கலாம், உயிரும் போகலாம். வழக்கமான 'எச்பிஎஸ்ஏஜி' டெஸ்ட் மட்டும் போதாது, பழைய தொற்றைக் காட்டும் 'கோர் ஆன்டிபாடி'யும் பார்க்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் சி விஷயம் வேறு: மெதுவாக வளரும் சில லிம்போமாக்கள், அந்த வைரஸுக்கு மாத்திரை சாப்பிட்டாலே சுருங்குவதுண்டு. எச்ஐவி டெஸ்டைக் கூச்சத்தில் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. இருப்பது தெரிந்தால் அதற்கான மாத்திரையையும் கீமோவையும் சேர்த்தே கொடுப்பார்கள்.